மூன்றாவது மேப்

கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையைக் காணோம் என்றால் நாலு பேர் அழுவார்கள். சமையல்காரரைக் காணோம் என்றால் ஊரே சிரிக்கும்.

மேலப்பாளையத்து மண்டபத்தின் பின்கட்டில் ஜவுளிக்கடை காஜா முகைதீன் நின்றுகொண்டிருந்தார். விடியற்கால சுபுஹு தொழுகை முடிந்த கையோடு எங்களை வரச் சொல்லியிருந்தார். பிரியாணி வேக வேண்டிய தேக்சாக்கள் அவரைச் சுற்றிக் கவிழ்ந்து கிடந்தன. உரித்த பூண்டு ஒரு சாக்கில் காய்ந்துகொண்டிருந்தது.

"உஸ்தாதைக் காணோம், இசக்கியம்மா. நேத்து சாயங்காலம் வெளிய போன ஆளு. மத்தியானம் லுஹர் தொழுதுட்டு நிக்காஹ். அது முடிஞ்சதும் பந்தி. எனக்கு அவரு வேணும்" என்றார்.

இசக்கியம்மா என்றால் பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் 'இசக்கி துப்பறியும் நிலைய'த்தின் உரிமையாளர். ஐம்பதைத் தாண்டியவர். பேச்சு குறைவு, பார்வை அதிகம். நான் நேசையா. அந்த நிலையத்தின் டிரைவர், உதவியாளர், டீ வாங்கி வருகிறவர் மூன்றும் நானே. சம்பளம் மட்டும் ஒருவருக்குத்தான்.

"போலீசுக்குச் சொல்லலையா அண்ணாச்சி?" என்றேன்.

"பிரியாணி மாஸ்டரைக் காணோம்னு போய் நின்னா, பிரியாணி எங்கன்னுதாம்லே கேப்பாவ."

கவலையிலும் மனிதருக்கு நியாயம் தெரிந்திருந்தது.

மண்டப வாசலில் இருந்த பிளக்ஸ் பேனரை வரும்போதே பார்த்திருந்தேன். 'ஹைதராபாத் புகழ் ரசீத் கான் உஸ்தாத் கைமணத்தில்' என்று போட்டு, கண்ணில் சுர்மா, தாடியில் மருதாணிச் சிவப்போடு ஒரு முகம். மணமக்கள் பெயர் அந்தத் தாடிக்குக் கீழே சின்னதாக இருந்தது.

"இவ்வளவு பெரிய உஸ்தாது என்னத்துக்கு அண்ணாச்சி? நம்ம ஊரு பண்டாரிமாரு ஆக்க மாட்டாவளா?" என்று கேட்டேன்.

காஜா முகைதீன் முகம் சுருங்கிப் போனது. "மூத்தவ கல்யாணத்துல சோறு பத்தாமப் போச்சு. கடைசிப் பந்திக்கு ஓட்டல்ல புரோட்டா வாங்கிப் போட்டேன். இன்னைக்கு வரைக்கும் எனக்கு இந்த ஊர்ல என்ன பேரு தெரியுமா? புரோட்டா காஜா. என் பேரப்பிள்ளைய மதரசாவுல, 'இவன் புரோட்டா காஜா பேரன்'னு சொல்லுதானுவோ. இந்தப் பந்தியும் கெட்டுச்சுன்னா நான் கடையைப் பூட்டிட்டு ஊரை விட்டே போயிருவேன்."

சிரிப்பு வந்தது. ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. சிரிப்பை விழுங்கிக்கொண்டேன்.

"கடையநல்லூர்ல இன்னைக்கு ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். அவனுவதான் தூக்கிட்டுப் போயிருப்பானுவோ" என்றார் அவர்.

இசக்கியம்மா அந்தப் பக்கமே போகவில்லை. "உஸ்தாது ஆளு எப்படி? பழக்க வழக்கம்?"

"தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். எதுக்கெடுத்தாலும் 'அரே'ம்பாரு. ஆனா கைப்பக்குவம் ஒண்ணாம் நம்பர். போன மாசம் பேட்டையில ஒரு கல்யாணத்துல சாப்பிட்டுட்டுத்தான் பிடிச்சேன். ஒரே ஒரு பழக்கம், சமைக்கையில அடிக்கடி போனைத் தூக்கிக்கிட்டு மூலைக்குப் போயிருவாரு. பேசிட்டு வந்துதான் உப்பே போடுவாரு. நவாப் வீட்டுப் பரம்பரைச் சமையக்காரங்ககிட்ட யோசனை கேக்காருன்னு சொன்னாவ."

"யாரு சொன்னா?"

"அவருதான் சொன்னாரு."

இசக்கியம்மா ஒரு பூண்டுப் பல்லை எடுத்து உருட்டிக்கொண்டே, "நேத்து எப்பம் போனாரு?" என்றார்.

"மாப்பிள்ளை வீட்டு பஸ் ரெண்டும் வந்து நின்னுச்சு. உஸ்தாது எட்டிப் பாத்தாரு. உடனே 'மசாலா வாங்கணும்'னு கிளம்பிட்டாரு. எதிர்த்தாப்ல என் தங்கச்சி மவன் சிராஜுதீனோட செல்போன் கடையில நின்னிருக்காரு. அதுக்கப்புறம் யாரும் பாக்கல."

"செல்போன் கடையில என்ன மசாலா அண்ணாச்சி?" என்றேன்.

இசக்கியம்மா என்னை முறைத்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

"முக்கூடல். ஒரு தெரு முழுக்கச் சொந்தக்காரங்க. தெருவோட வந்து இறங்கியிருக்காவ. எங்க சொந்தக்காரங்க வீடுகள்ல தங்க வச்சிருக்கோம்."

சிராஜுதீன் கடையை எங்களுக்காகப் பாதி ஷட்டர் தூக்கித் திறந்தான். உஸ்தாத் என்ற சொல்லைக் கேட்டதுமே அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. பையன் கடத்தலைப் பற்றிக் கவலைப்படவில்லை. தன் யோசனையை ஒரு ஆள் தட்டிக்கழித்துவிட்டானே என்பதுதான் அவன் துக்கம்.

"நெட்டு இல்லாம ஓடுத மேப் வேணும்னாரு அக்கா. பாபநாசம் மலைக்குச் சுத்திப் பாக்கப் போறேன், அங்க சிக்னல் கிடைக்காதுன்னாரு. அவரு போன்ல இடமே இல்ல, ஒண்ணுதான் கொள்ளும். அதனால இந்தக் கடை போன்ல மூணு மேப்பை இறக்கிக் காட்டினேன். மூணும் இறங்குனதும் வைஃபையை அணைக்கச் சொல்லிட்டாரு. வெவரமான ஆளுதான். நெட்டு இல்லாம ஓடுதான்னு நெட்டை அணைச்சுப் பாத்தாத்தானே தெரியும்?"

"மூணுக்கும் என்ன வித்தியாசம்?"

அவ்வளவுதான். சிராஜுதீன் கண்ணாடி மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான்.

"முதல்ல உள்ளது எல்லாரு போன்லயும் பிறக்கும்போதே கூடப் பிறந்தது. எந்த ஏரியா வேணுமோ கட்டம் போட்டு இறக்கி வச்சிக்கிடணும். நெட்டு இல்லன்னாலும் கார்ல போறதுக்கு வழி சொல்லும், நடந்து போறதுக்குச் சொல்லாது. ரெண்டாவது லாரிக்காரங்க, டாக்சிக்காரங்க வச்சிக்கிடுதது. எங்க கேமரா இருக்கு, எவ்வளவு வேகத்துல போலாம், எந்தப் பக்கம் ஒதுங்கணும், எல்லாம் குரல் கொடுத்துச் சொல்லும். அருமையான சாதனம். அதைத்தான் எடுத்துக்கோங்கன்னேன்."

"எடுக்கலையாக்கும்?"

"இல்ல. மூணாவதை எடுத்தாரு. அது பாக்கவே நல்லா இருக்காதுக்கா. கலர் ஒரு மாதிரி. மாநிலத்தை மொத்தமா இறக்கணும். ஒத்தையடிப் பாதை, வாய்க்கா வரப்பு, எல்லாம் கோடு கோடா இருக்கும். கம்பெனிக்காரன் வரையுதது இல்ல, அந்தந்த ஊர்க்காரங்களே வரைஞ்சு வரைஞ்சு சேக்குதது. அதைப் பாத்ததும் 'பஹுத் அச்சா'ன்னாரு. அவரு போன்ல ஏத்திக் கொடுத்தேன். சிம்மைக் கழட்டிச் சட்டைப்பையில போட்டாரு, கிளம்பிட்டாரு."

"அப்போ ஆளை யாரும் கடத்தலை" என்றார் இசக்கியம்மா.

காஜா முகைதீன் வாயைத் திறந்தார். இசக்கியம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"கடத்திட்டுப் போறவன், கடத்தப்படுதவனுக்கு மேப் பாத்து வாங்கிக் கொடுக்க மாட்டான் அண்ணாச்சி. இவரு நடந்து போகத் திட்டம் போட்டிருக்காரு. சிம்மைக் கழட்டினது யாரும் கூப்பிட்டுறக் கூடாதேன்னு." அவர் கடை போனைக் கையில் எடுத்தார். "இதுல அதுக்கப்புறம் யாராவது மேப் பாத்தாவளா?"

"இல்லக்கா. அப்படியே கிடக்கு."

இசக்கியம்மா முதல் மேப்பைத் திறந்தார். கடைசியாகப் பார்த்த இடத்திலேயே அது நின்றிருந்தது. ஒரு தெரு, சில வீடுகள், மூலையில் முக்கூடல் என்ற பெயர். விரலால் விரித்து விரித்துப் பெரிதாக்கியதில் வீடுகள் திரை முழுக்க நின்றன. இரண்டாவதைத் திறந்தார். அதே தெரு, அதே பெரிதாக்கல். மூன்றாவதிலும் அதே இடம்தான். ஆனால் இதில் மட்டும் பால் சொசைட்டிச் சுவருக்கும் ஒரு வீட்டுக்கும் நடுவே, ஒரு ஆள் மட்டும் ஒருக்களித்துப் போகிற முடுக்கு ஒன்று புள்ளி புள்ளியாகப் போய் ஒரு பின்வாசலில் முடிந்தது.

"அகப்பட்டான்!" என்று குதித்தேன். "முக்கூடல்ல எதோ ஒரு வீட்டுக்குப் போறதுக்கு வழி தேடியிருக்கான். புது ஊரு, புது இடம்."

"ஏலே நேசையா, போன மாசம் நீ புது போன் வாங்கினியே. மேப்பைத் திறந்ததும் முதல்ல எதைத் தேடினே?"

"எங்க வீட்டை."

சொல்லிவிட்டுத்தான் எனக்கே உறைத்தது. 

"அதான்" என்றார் இசக்கியம்மா. "மேப் சரியா தப்பான்னு பாக்கணும்னா, தெரியாத இடத்தைக் கேட்டு என்ன புண்ணியம்? அது எதைக் காட்டினாலும் நம்பத்தானே வேணும். தெரிஞ்ச இடத்தைக் கேட்டாத்தான் அதோட வண்டவாளம் தெரியும். ரெண்டு மேப்பைத் திறந்து, 'இதுல முடுக்கு இல்ல'ன்னு தள்ளியிருக்காரு. முடுக்கு இருக்குன்னு தெரிஞ்சவன்தானே, இல்லைன்னு கண்டுபிடிக்க முடியும்?"

"அப்படின்னா ஹைதராபாத்து…" காஜா முகைதீன் குரல் பாதியில் நின்றது.

"உங்க உஸ்தாதுக்கு ஹைதராபாத்து முக்கூடல்ல பால் சொசைட்டிக்குப் பின்னால இருக்கு அண்ணாச்சி" என்றேன் நான்.

அவர் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

இசக்கியம்மா இன்னும் அந்தப் புள்ளிக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா சிராஜு, ஊர்க்காரங்க வரைஞ்சாத்தான் இதுல வரும்னியே. இவ்வளவு சின்ன முடுக்கை யாரு வேலை மெனக்கெட்டு வரைஞ்சிருப்பா?"

"அதெல்லாம் யாருக்குக்கா தெரியும்?"

என் போனிலும் அந்த மூன்றாவது மேப்பை ஏற்றிக்கொண்டோம். எங்கள் ஆம்னி வேன் பேட்டை தாண்டி, சுத்தமல்லி விலக்கு தாண்டி முக்கூடல் ரோட்டில் ஓடியது. நானும் வருவேன் என்று பிடிவாதமாக ஏறிக்கொண்ட காஜா முகைதீன், பட்டுச் சட்டையும் அத்தர் மணமுமாகப் பின்சீட்டில் இருந்தார். மண்டபத்தில் இருந்தால் நாலு பேர் 'உஸ்தாத் எங்கே' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு வண்டியின் குலுக்கல் எவ்வளவோ தேவலாம்.

"எனக்கு ஒண்ணு விளங்கலக்கா. முக்கூடல் பஸ்ஸைப் பாத்துப் பயந்து ஓடுதவன், முக்கூடலுக்கே ஏன் ஓடுதான்?" என்றேன்.

"பூனையைக் கண்ட எலி எங்க ஓடினா நல்லது? பூனை கிளம்பி வந்த வீட்டுக்குத்தான். தெருவே கல்யாணத்துக்கு வந்துட்டுன்னா தெரு காலி. அவரு யாருக்குப் பயந்தாரோ அவுகளும் மேலப்பாளையத்துல இருக்காவன்னு நினைச்சிருக்காரு. ஆனா மெயின் ரோட்டுல பஸ்ஸு விட்டு இறங்கினா டீக்கடைக்காரனுக்கு அடையாளம் தெரிஞ்சிரும். அதனால ரயிலுல போய் வீரவநல்லூர்ல இறங்கி, ஆத்துப் பக்கமா வயக்காட்டு வழி நடந்திருப்பாரு. வீடு தெரியும், அந்த வழி தெரியாது. அதுக்குத்தான் நடை வழி காட்டுத மேப்பு."

"யாருக்குப் பயந்து?" என்றார் காஜா முகைதீன்.

"ஆம்பிளை தாடி வளத்து, மருதாணி பூசி, பாஷையை மாத்திக்கிட்டுத் திரியுதான்னா ரெண்டே பேருக்குத்தான் பயந்திருப்பான். போலீசு. இல்லன்னா பொண்டாட்டி."

முக்கூடல் தெரு நிஜமாகவே பூட்டிக் கிடந்தது. வண்டியைப் பால் சொசைட்டி முன்னால் நிறுத்தினேன். என் போனில் நெட்டுக்குப் போட்ட காசு தீர்ந்திருந்தது. மேப் மட்டும் கவலையில்லாமல் புள்ளிக் கோட்டைக் காட்டியது. முடுக்கில் இசக்கியம்மா முன்னால் போனார். நான் ஒருக்களித்துப் போனேன். காஜா முகைதீனுக்கு வயிறு இடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பட்டுச் சட்டையில் சுண்ணாம்பு அப்பிக்கொண்டது.

பின்வாசலைத் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டபடி எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"மேலப்பாளையம் கல்யாண வீடா? வாங்க. உஸ்தாது உள்ளதான் இருக்காவ. வெங்காயம் உரிக்காவ" என்றாள்.

உள்ளே, லுங்கி கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார் ரசீத் கான் உஸ்தாத். வெங்காயக் கண்ணீரில் சுர்மா கரைந்து தாடிவரை கோடு போட்டிருந்தது. காஜா முகைதீனைப் பார்த்ததும் எழுந்து நின்று, "அரே…" என்று ஆரம்பித்தார்.

"தமிழ்லயே சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண். "நான் தஸ்லிமா. இவுக பொண்டாட்டி."

கதை வெளியே வந்தது. ரசீத் துபாய் வேலைக்கென்று ஊரைவிட்டுப் போனவர். விசா ஏஜெண்டு ஏமாற்றியதில் ஹைதராபாத்தோடு நின்றுவிட்டார். அங்கே ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவினார். ஊருக்குச் சொல்ல வெட்கம். துபாயில் சூப்பர்வைசர் என்று வீட்டுக்குச் சொன்னார். அப்புறம் ஹைதராபாத் பெயரை ஒட்டவைத்துக்கொண்டு, திருநெல்வேலிப் பக்கமே திரும்பி வந்து உஸ்தாத் ஆகிவிட்டார்.

"சமைக்க எங்க படிச்சீரு?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தஸ்லிமாதான் பதில் சொன்னாள்.

"போன்லதான். 'ரூம்ல நாலு பேருக்கு பிரியாணி போடணும், எப்படிப் போடணும்'னு கேட்டாவ. சொல்லிக் கொடுத்தேன். எங்க உம்மா வீட்டுப் பக்குவம். அப்புறம் ஒரு நாளு, 'ஒரு மூட்டை அரிசிக்கு உப்பு எவ்வளவு'ன்னு கேட்டாவ. ரூம்ல நாலு பேரு ஒரு மூட்டை அரிசியையா திங்குதானுவோ? இன்னொரு நாளு பேசிக்கிட்டு இருக்கையில பின்னால ஒருத்தன், 'சமாதானபுரம், சமாதானபுரம், இறங்குங்க'ங்கான். துபாய்க்கு நம்ம பாளையங்கோட்டைச் சமாதானபுரம் வழியாவா பஸ்ஸு போவுது?"

காஜா முகைதீன் மெல்ல ரசீத்தைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ அந்த நவாப் வீட்டுச் சமையக்காரங்க…"

"நான்தான் மாமா" என்றாள் தஸ்லிமா.

இசக்கியம்மாவுக்கே ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. "தெருவே கல்யாணத்துக்கு வந்திருக்கே, நீ ஏம்மா வரலை?"

"நான் வந்துட்டா இவுக போன் பண்ணினா யாரு எடுக்கிறது? மேலப்பாளையம் கல்யாணத்துக்கு ஹைதராபாத் உஸ்தாது ரசீத் கான்னு பத்திரிகை வந்ததுமே தெரிஞ்சு போச்சு. பந்தியில உக்காந்துக்கிட்டு நான் உப்புக் கணக்கு சொல்ல முடியுமா? சோறு கெட்டா பொண்ணு வீட்டுக்காரங்க மானம் போயிரும். அதனால தலைவலின்னு சொல்லிட்டு வீட்டுல இருந்துட்டேன். ராத்திரி இவுக என்னன்னா, நான் அங்க இருப்பேன்னு பயந்து இங்க வந்து நிக்காவ."

அவளிடமிருந்து ஓடிய மனிதர் நேராக அவளிடமே போய் விழுந்திருக்கிறார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. காஜா முகைதீனாலும்தான்.

"அந்த முடுக்கு?" என்றார் இசக்கியம்மா. "மேப்புல அதை வரைஞ்சது யாரு?"

ரசீத் நிமிர்ந்தார். அந்தக் கேள்வி அவருக்கும் புதிது.

தஸ்லிமா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான்தான். பார்சல் கொண்டு வாற தம்பி சொல்லிக் கொடுத்துச்சு. முன்வாசலைத்தான் போடச் சொல்லுச்சு. நான் முடுக்கைப் போட்டேன்."

"ஏன்?"

"பொய் சொல்லிட்டுப் போனவுகளுக்கு முன்வாசல் வழியா வரத் தைரியம் வராதுக்கா. என்னைக்காவது ராத்திரி பின்பக்கமாத்தான் வருவாவ. வழி தெரியாம ஆத்தங்கரையில நிக்கக் கூடாதுல்லா."

ரசீத் மறுபடியும் உட்கார்ந்து வெங்காயத்தை எடுத்துக்கொண்டார். இந்தத் தடவை கண்ணில் வந்தது வெங்காயத்தால் வந்தது இல்லை. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நான் வெங்காயம்கூட உரிக்கவில்லை.

காஜா முகைதீன்தான் முதலில் பேசினார். "தாயி, மத்தியானம் பந்தி. நீ வருவியா?"

"வாறேன். ஒரு பேச்சு. ஹைதராபாத்துன்னு மைக்ல சொல்லக் கூடாது. யாரு ஆக்கினதோ அவுக பேரைச் சொல்லணும்."

அழைத்து வைத்த கூட்டத்தின் முன்னால், ஊரெல்லாம் பேனர் கட்டிய மனிதர் தான் ஏமாந்ததைச் சொல்ல வேண்டும். காஜா முகைதீன் தாடியைத் தடவினார். புரோட்டா காஜா என்ற பேர் ஒரு பக்கம், ஏமாந்த காஜா என்ற பேர் ஒரு பக்கம். "சரி, வண்டியில ஏறு" என்றார்.

பத்து மணிக்கெல்லாம் அடுப்பு பற்றிக்கொண்டது. தஸ்லிமா தேக்சாவுக்குத் தேக்சா நடந்தாள். ரசீத் அவள் சொன்னதையெல்லாம் செய்தார். போனை எடுத்துக்கொண்டு மூலைக்கு ஓட வேண்டிய தேவை அவருக்கு முதல் தடவையாக இல்லை. தம் போட்டு மூடிய மூடியைத் திறந்தபோது, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் பந்தியிலிருந்தே மூக்கைத் தூக்கி, "இது நம்ம ஊரு வாசமால்லா இருக்கு" என்றார்.

காஜா முகைதீன் மைக்கைப் பிடித்தார்.  "பேனர்ல போட்டிருக்கது தப்பு. நான் ஏமாந்துட்டேன். இன்னைக்கு ஆக்கினது ஹைதராபாத்து இல்ல. முக்கூடல் தஸ்லிமா. கூட வெங்காயம் உரிச்சது அவ மாப்பிள்ளை ரசீத்."

 முக்கூடல்காரர்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி மண்டபம் முழுக்கப் பரவியது. துபாய் சூப்பர்வைசரைத் தேடிப் பத்துப் பேர் சமையல்கட்டுக்கு ஓடினார்கள். யாரும் காஜா முகைதீனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவர்கள் வாயில் சோறு இருந்தது. கடைசிப் பந்தி எழுந்த பிறகும் ஒரு தேக்சா பாதி மிச்சம் இருந்தது. மூத்த மகளின் மாமனார் தூக்குவாளி கேட்டு வாங்கி நிரப்பிக்கொண்டார். காஜா முகைதீன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மூத்தவள் கல்யாணத்துக்கு இன்றுதான் பந்தி முடிந்ததுபோல் இருந்தது அவர் முகம்.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டு பஸ் கிளம்பியது. ரசீத் எங்கள் ஆம்னியைத் தேடி வந்து, "அண்ணாச்சி, பின்பக்கமா அந்த முடுக்கு வரைக்கும் கொஞ்சம் விட்டுருவீரா?" என்று என்னிடம் காதோடு கேட்டார்.

நான் சாவியை எடுத்தேன். இசக்கியம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

பஸ் படியில் நின்ற தஸ்லிமா அவரைக் கூப்பிடவில்லை. ஜன்னலோரச் சீட்டில் தன் துண்டைப் போட்டு, பக்கத்தில் ஒரு இடம் பிடித்து வைத்திருந்தாள். அவ்வளவுதான். ரசீத் அந்தத் துண்டையே பார்த்தார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.

அன்று சாயங்காலம் அவர் முக்கூடல் மெயின் ரோட்டில் இறங்கி, டீக்கடை பார்க்க, தெரு பார்க்க, முன்வாசல் வழியாகவே வீட்டுக்குப் போனாராம். அந்த வழிக்கு அவருக்கு மேப் தேவைப்படவில்லை.